பேஸ் மூலையில்தான் கூடும்: சீமெந்து அறைகளுக்கான பேஸ் ட்ராப் கணக்கு

இணுவிலில் தவில் வாசிக்கும் ஒரு தம்பி போன ஆவணியில் என் அறைக்கு வந்து ஒரு மணித்தியாலம் வாசித்தார். நல்ல கை. இரண்டு மைக் வைத்துப் பதிவுசெய்து, இரண்டு இரவு இருந்து மிக்ஸ் பண்ணி அனுப்பினேன், எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் போன் வந்தது. "அண்ணை, கார்ல போட்டுக் கேட்டனான். தொப்பி ஏன் இப்பிடி ஊதிப்போய்க் கிடக்கு? வலந்தலை முழுக்க அதுக்குள்ள தாண்டு போச்சு." தொப்பி என்பது தவிலின் தாழ்ந்த சத்தம் தரும் பக்கம், வலந்தலை விரலால் வாசிக்கும் மற்றப் பக்கம். நான் நம்பவில்லை. திரும்பவும் மேசையில் இருந்து கேட்டேன், ஒரு பிழையும் தெரியவில்லை. அதை ஓடவிட்டபடியே தண்ணீர் குடிக்க எழும்பிப் போய், கதவடி மூலையைக் கடக்கும்போதுதான் காதில் விழுந்தது. தம்பி சொன்ன அதே ஊதல். 'தொம்' என்று எழும்பி, அடுத்த அடி விழும்வரை அடங்காமல் நிற்கிறது. இரண்டு அடி முன்னால் வந்தால் குறைகிறது. மேசைக்குத் திரும்பினால் காணவே இல்லை.

பிழை தவிலில் இல்லை, மைக்கிலும் இல்லை. அறையின் நடுவில், அந்தத் தாழ்ந்த சத்தம் காதுக்கு எட்டாத ஓர் இடத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு, 'பேஸ் காணாது, பேஸ் காணாது' என்று நானே கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். கூட்டியது முழுவதும் காருக்குள் போய் வெளிப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பேஸ் ட்ராப், அதாவது அறைக்குள் தேங்கும் தாழ்ந்த சத்தத்தை (பேஸை) உறிஞ்ச வைக்கும் பஞ்சுப் பொதி, பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். எந்த மூலையில் வைப்பது, எவ்வளவு தடிப்பு, சுவரோடு ஒட்டலாமா என்று இணையத்தில் நிறையவே இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்து எழுதியது. பௌதிகம் எங்கும் ஒன்றுதான், சுவர் ஒன்றில்லையே. எங்கள் கல் சுவருக்கும் பிளாட் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் ஏற்றபடி அந்த ஆலோசனையை மாற்றிக் கணக்குப் போட்டால்தான் காசும் வேலையும் வீண்போகாது.

முதலில், ஏன் மூலை என்பதைப் பார்ப்போம். கிணற்றடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீள்சதுரத் தொட்டி, அரைவாசிக்குத் தண்ணீர். ஒரு பக்கமிருந்து வாளியால் தள்ளிவிட்டால் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடும். சுவரோரத்தில் நீர்மட்டம் நன்றாக ஏறி இறங்கும், ஆனால் அங்கே தண்ணீர் பக்கவாட்டில் ஓட வழியில்லை, சுவர் மறிக்கிறது. நடுவில் மட்டம் கிட்டத்தட்ட அசையாது, ஆனால் ஓர் ஓலைத் துண்டை அங்கே மிதக்கவிட்டால் அது இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். நீர்மட்டத்துக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தை வைத்தால் அறைக்குள் பேஸ் செய்வதும் அதுதான். சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், காற்று நகர்வது பூச்சியம். நடுவில் அழுத்தம் பூச்சியம், காற்று நகர்வது உச்சம். எங்கள் காது கேட்பது அழுத்தத்தை. அதனால்தான் நடுவில் இருப்பவருக்கு ஒரு சுரம் காணாமல் போக, அதே நேரம் சுவரோரம் நிற்பவருக்கு அது பொங்குகிறது.

அந்தத் தொட்டியைக் குறுக்காகவும் ஆட்டிவிட்டுப் பாருங்கள். இரண்டு ஆட்டமும் சேர்ந்து ஏறுவது மூலையில்தான், தண்ணீர் வெளியே தெறிப்பதும் மூலையால்தான். அறைக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசையிலும் ஆட்டம் இருக்கிறது, மூன்றும் கலந்த ஆட்டங்களும் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் அறையின் நடுவில் எங்கெங்கோ உச்சமும் பள்ளமும் மாறிமாறி வரும், ஆனால் இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையிலும், இரண்டு சுவரும் சீலிங்கும் கூடும் மூலையிலும் எல்லா ஆட்டத்துக்கும் உச்சம்தான். விதிவிலக்கே கிடையாது. சாதாரண அறையில் அப்படி எட்டு மூலை. இரண்டு பரப்பு சந்திக்கும் விளிம்பு பன்னிரண்டு. பேஸைப் பிடிக்க ஓரிடம் வேண்டுமென்றால் எல்லோரும் வந்துபோகும் சந்தியில் நிற்பதுபோல அங்கேதான் நிற்க வேண்டும்.

இப்போது எண்கள். 30 பாகை வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும், அடிக்கணக்கில் 1,145. அதை அறையின் ஒரு பக்க நீளத்தின் இருமடங்கால் பிரித்தால் அந்தத் திசையின் முதல் ஆட்டம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று வரும். என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 இரண்டு தரம் வருகிறது, அதன் இருமடங்கு 114 உம் இரண்டு தரம். நான் 12 அடியின் சரி நடுவில் இருந்தபடியால் 48 எனக்குக் கேட்கவில்லை. ஸ்ரீரியோ சமநிலைக்காக 10 அடி அகலத்தின் நடுவில் இருந்தபடியாலும், கதிரையில் இருக்கும்போது காது நான்கடி உயரத்தில், அதாவது தரைக்கும் சீலிங்குக்கும் நடுவுக்குக் கிட்ட நின்றபடியாலும் 57 உம் மெலிந்துபோய்விட்டது. தம்பியின் தொப்பியை நான் ஏன் ஊதவைத்தேன் என்பதற்கு இந்த இரண்டு எண்ணே போதும். 10க்கு 10 அறை எங்கள் பக்கம் சாதாரணம், அதற்கு உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையும் ஒரே சுரத்தில் விழும். பாட்டு வேலைக்கென்று அறை தெரிவுசெய்ய வாய்ப்புள்ளவர்கள் கனசதுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எந்த ட்ராப்பும் அதை முழுதாகச் சரிசெய்யாது.

அடுத்தது, இதைவிடப் பலர் தடுக்கி விழும் இடம். கண்ணாடிப் பஞ்சு, றொக்வூல் (கல்லை உருக்கி நாராக்கிய பஞ்சு), ஸ்பொஞ்ச், தும்பு எல்லாம் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. காற்று அந்த நாருக்குள் நுழைந்து அசையும்போது உராய்ந்து, ஒலியின் சக்தி சிறு சூடாகிப் போய்விடுகிறது. காற்று அசையாவிட்டால் உராய்வு இல்லை, உராய்வு இல்லாவிட்டால் உறிஞ்சலும் இல்லை. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால் ஓரங்குல ஸ்பொஞ்சைச் சுவரில் ஒட்டுவது, தண்ணீர் ஓடாத இடத்தில் வலை போடுவது மாதிரி. மேல் சுரங்களுக்கு அது சரி, 5,000 ஹெர்ட்ஸின் முழு அலையே 7 சென்ரிமீற்றர்தான். 57 ஹெர்ட்ஸின் அலை 20 அடி நீளம். அதன் காற்று உச்சமாக அசைவது சுவரிலிருந்து கால் அலை தள்ளி, அதாவது ஐந்தடி தள்ளி, நடு அறையில். அங்கே பஞ்சைத் தொங்கவிட்டு யாரும் வாழ முடியாது.

முட்டைத் தட்டு ஒட்டிய அறைகளை நானும் கண்டிருக்கிறேன். அந்தக் காகிதத் தட்டு மேல் சுரத்தைக் கொஞ்சம் குறைத்து அறையை மந்தமாக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. மேல் மட்டும் போய்க் கீழ் அப்படியே நிற்பதால் முன்னையதைவிடக் குமுறல் கூடினதாகத்தான் தோன்றும். மூலைக்கென்று விற்கிற சின்ன முக்கோண ஸ்பொஞ்சுக் கட்டைகளும் ஏறத்தாழ இதே கதைதான். அவற்றின் பெயரில் பேஸ் இருக்கிறது, தடிப்பில் இல்லை.

ஆக இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் தேவை: அழுத்தம் கூடும் மூலையை விட்டுப் போகாமல், அதே நேரம் சுவரிலிருந்து போதிய தூரம் தள்ளிப் பஞ்சு நிற்க வேண்டும். மூலைக்குக் குறுக்காகப் பலகைபோல் ஒரு பனலை, அதாவது சட்டத்துக்குள் பஞ்சு வைத்துத் துணியால் மூடியதை, சாய்த்து வைப்பது இதனால்தான். இரண்டடி அகலமும் நாலங்குலத் தடிப்பும் உள்ள பனலை 45 பாகையில் மூலைக்குக் குறுக்கே நிறுத்தினால், அதன் பின்னால் நடுவில் ஓரடி காற்று இடைவெளி தானாகவே கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குக் காசு இல்லை. அதே பனலைச் சுவரில் ஒட்டி அடித்தால் உறிஞ்சல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகக் குறைந்துவிடும். மூலையில் குறுக்கே நின்றால் 100 பக்கமெல்லாம் இறங்கி வேலை செய்யும். இன்னும் கீழே போக வேண்டுமென்றால் மூலையை முழுவதும் நிரப்புவதுதான் வழி: பஞ்சுப் பலகைகளை முக்கோணமாக வெட்டி, இட்டலித் தட்டு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையிலிருந்து சீலிங்வரை. இரு சுவரிலும் இரண்டடி பிடிக்கும் முக்கோணம் என்றால் முகம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆழம் ஓரடி ஐந்தங்குலம். சின்ன அறைக்கு அது பெரிய தியாகம்தான், எனக்குத் தெரியும். ஆனால் மூலை எப்படியும் தும்புத்தடியும் பழைய பெட்டியும் வைக்கிற இடம்.

தடித்த நிரப்பலுக்கு அடர்த்தி கூடிய பஞ்சு நல்லது என்று நினைப்பது பிழை. நாலங்குலப் பனலுக்கு ஒரு கன மீற்றருக்கு 48 முதல் 60 கிலோ உள்ள பலகை நல்லது, தானாக நிற்கும், உராய்வும் போதும். ஓரடிக்கு மேல் தடிப்பென்றால் அதைவிட இளகிய பஞ்சுதான் கீழ்ச்சுரத்தை உள்ளே விடும். மிகவும் இறுகியதாக இருந்தால் அலை முகத்திலேயே திரும்பிவிடும்.

இனி எங்கள் சுவர். அமெரிக்க வீட்டு அறைகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். அந்தப் பலகை பேஸுக்கு மெல்ல வளைந்து கொடுக்கிறது, கொஞ்சத்தை விழுங்குகிறது, கொஞ்சத்தை அப்பால் விடுகிறது. ஒலியியல் அட்டவணைகளில் 125 ஹெர்ட்ஸுக்கு அப்படியான சுவரின் உறிஞ்சல் சுமார் 0.29 என்று போட்டிருக்கும். பூசிய கல் சுவருக்கு 0.02 அளவு. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த வீட்டுக்காரருக்குச் சுவரே பாதி பேஸ் ட்ராப், அதனால் 'முன் மூலை இரண்டில் இரண்டு பனல் வையுங்கள், போதும்' என்று அவர் நேர்மையாகவே சொல்கிறார். சீமெந்துக்கல் சுவர், சீமெந்துத் தரை, மேலே கொங்கிறீற் பிளாட் என்று ஆறு பக்கமும் அசையாத பெட்டிக்குள் இருக்கும் எங்களுக்கு அந்த இரண்டு பனல் காணாது. உள்ளே போன பேஸுக்கு வெளியேற வழியே இல்லை.

ஆனால் எல்லா யாழ்ப்பாண வீடும் அப்படி இல்லை. ஓட்டு வீட்டில், அதுவும் கீழே மெல்லிய பலகைச் சீலிங் அடித்த பழைய அறையில், பேஸின் பெரும்பங்கு கூரையால் போய்விடும். ஓட்டு இடுக்கு விடும், மெல்லிய பலகை அதிர்ந்து உறிஞ்சும். மரச்சட்டமும் மெல்லிய கண்ணாடியும் போட்ட பழைய யன்னல்கூடக் கீழ்ச்சுரத்தை நன்றாகவே விழுங்கும். அம்மம்மா வீட்டு ஓட்டறையில் போய் அதே ஸ்பீக்கரை வைத்துக் கேட்டேன், நெஞ்சு இளகியதுபோல் இருந்தது, சுவரும் கல்தான், வித்தியாசம் முழுவதும் தலைக்கு மேலே. நாற்சார் வீட்டு முற்றத்தில் தவில் முழங்கும்போது ஏன் தொப்பி ஊதுவதில்லை என்றும் அப்போதுதான் உறைத்தது. மேலே வானம். போன சத்தம் திரும்பி வராது. கோயில் வீதிக்கும் கலியாணப் பந்தலுக்கும் என்று வளர்ந்த வாத்தியத்தை 10 அடிச் சீமெந்துப் பெட்டிக்குள் இருத்தி வாசிக்கச் சொன்னதே என் முதல் பிழை. இப்போது தவில் என்றால் விறாந்தையில் இருத்தித்தான் பதிவுசெய்கிறேன், அயலில் கோயில் ஒலிபெருக்கி ஓயும் நேரம் பார்த்து.

போன சத்தம் திரும்பாத திறந்த வெளி என்றதும் வொலஸ் சபீன் ஞாபகம் வருகிறது. 1895 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. பேசினால் சத்தம் ஐந்தரைச் செக்கன் இழுபட்டு, ஒரு சொல் முடியமுன் அடுத்த நாலைந்து சொல் அதன்மேல் ஏறும். அதைத் திருத்தச் சொல்லி இளம் பௌதிக ஆசிரியரான சபீனிடம் கொடுத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் கதிரை மெத்தைகளை இரவில் காவிக்கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் செத்துப்போக எவ்வளவு நேரம் என்று காதாலேயே அளந்தார். விடியமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த இரவுகளிலிருந்துதான் அறை ஒலியியல் ஒரு கணக்காக மாறியது. அவர் உறிஞ்சலுக்கு அலகாகப் பிறகு எடுத்துக்கொண்டது திறந்த யன்னல்: அதன்மேல் விழுந்த சத்தம் முழுவதும் போய்விடுகிறது, திரும்புவதில்லை. 1900 இல் திறந்த பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் அவருடைய கணக்கில் எழுந்தது.

சபீனின் கணக்கை அப்படியே எங்கள் சின்ன அறையின் பேஸுக்குப் போட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். சத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருந்தால்தான் அது பொருந்தும். ஷ்ரோடர் என்ற ஜேர்மன் பௌதிகர் காட்டிய எல்லை ஒன்று இருக்கிறது. என் அளவு அறைக்கு அது 240 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதற்கு மேலே சத்தம் பரவலாக நடந்துகொள்ளும், கீழே தொட்டித் தண்ணீர்போலத் தனித்தனி ஆட்டமாக நிற்கும். அதனால்தான் மேல் சுரத்துக்கு 'எவ்வளவு பஞ்சு' என்பது முக்கியம், பேஸுக்கு 'எங்கே' என்பது அதைவிட முக்கியம்.

சரி, கையில் நாலே நாலு பனலுக்குத்தான் காசு இருக்கிறது, எங்கே தொடங்குவது? நான் செய்த ஒழுங்கைச் சொல்கிறேன். ட்ராப்புக்கு முன் கதிரை. அது இலவசம். அறையின் நீளப்பக்கம் பார்த்து, முன் சுவரிலிருந்து 38 சதவீதத்தில் காது வரும்படி இருங்கள் என்று ஒரு பழகிய வழி இருக்கிறது, 12 அடிக்கு அது நாலரை அடி. மந்திர எண் இல்லை, நடுவையும் பின்சுவரையும் தவிர்க்க ஒரு தொடக்கம் மட்டுமே, அங்கிருந்து ஓரடி முன்னும் பின்னும் நகர்ந்து பார்க்க வேண்டும். பின்சுவரோடு ஒட்டி இருந்தால் பேஸ் தாராளமாகக் கேட்கும், அந்த மிக்ஸ் வெளியே போனால் வெறும் எலும்பாக இருக்கும். பின்சுவரிலிருந்து மூன்றடியில் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையை 95 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டிவிடும். காதுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் நாலு மடங்கால் ஒலியின் வேகத்தைப் பிரித்துப் பாருங்கள், பள்ளம் எங்கே என்று தெரியும். ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இதே கணக்குத்தான்.

பிறகு மூலைகள். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிமிர்ந்த மூலையில் இரண்டு பனல், பின் மூலையில் இரண்டு. சமச்சீராக இருப்பது ஸ்ரீரியோவுக்கும் நல்லது. தரையிலிருந்து சீலிங்வரை நிரப்பப் பஞ்சு போதாவிட்டால் நடுவை விட்டுவிட்டு மேலும் கீழும் வையுங்கள், உயரத் திசையின் ஆட்டத்துக்கு அழுத்தம் அங்கேதான் உச்சம். எங்கள் அறைகளில் வழமையாக ஒரு மூலையைக் கதவு பிடித்துவிடும், இன்னொன்றில் அலுமாரி. அந்த மூலைக்கு வழியில்லை என்று விட வேண்டியதில்லை. சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பும் மூலைதான், அதே 45 பாகையில் அங்கே சாய்த்துத் தொங்கவிடலாம், தலையிலும் இடிக்காது. சுவரும் தரையும் சேரும் விளிம்பும் அப்படித்தான். பேஸுக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை.

சீலிங்கின் நடுவில் தடித்த பனல் ஒன்றைத் தொங்கவிடச் சொல்லி எல்லா ஸ்ரூடியோ ஆலோசனையிலும் வரும், அது நியாயமானதும்கூட. ஆனால் எங்கள் அறையின் அந்த இடத்தில் ஃபான் சுற்றுகிறது. சித்திரை வெக்கையில் அதைக் கழற்று என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் ஃபானைச் சுற்றி இடம் விட்டு, நான்கு விளிம்பிலும் பனலைக் கொண்டுபோனேன். 57 ஐ உருட்டி எடுக்க நடுப் பனலைவிட விளிம்புப் பனல் நல்ல வேலை செய்தது என்றுதான் என் காதுக்குப் பட்டது. பின்சுவரை நாலு பனலுக்குப் பிறகு காசு சேர்ந்ததும் கவனியுங்கள். அங்கே ஆறங்குலத் தடிப்பும் பின்னால் ஆறங்குல இடைவெளியும் வைத்தால் பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை வெட்டும் பள்ளத்தின் ஆழம் குறையும்.

பொருள் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. றொக்வூல் கிடைத்தால் அதுவே சிறந்தது, நெருப்புப் பிடிக்காது, நனைந்து காய்ந்தாலும் கெடாது. கூரை வெக்கைக்குப் போடும் கண்ணாடிப் பஞ்சும் மூலையை நிரப்ப நல்லது. வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், நார் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், அந்த நார் மிக மெல்லியது, உருட்டி மூலையில் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். தும்பு மெத்தை கொஞ்சம் சோம்பல், நார் பருமன் என்பதால் உராய்வு குறைவு, இரட்டை மடங்கு தடிப்பு வேண்டும். இலவம்பஞ்சுக்கும் தும்புக்கும் மாரி மழையில் பூஞ்சணம் பிடிக்கும், எலிக்கும் அது மாளிகை, நெருப்பும் லேசாகப் பற்றும். மின்சார வயருக்குக் கிட்ட வைக்கக்கூடாது. சட்டத்தைத் தரையில் நேரே நிறுத்தாமல் இரண்டு ஓட்டுத் துண்டு மேல் ஏற்றிவைத்தால் கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பலாம்.

மூடும் துணிக்குப் பரிசோதனை ஒன்றே: துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு தடையின்றிப் போனால் சரி. பழைய சாரம் நன்றாக வேலை செய்யும், பொலிதீன் பூசிய திரைத்துணி செய்யாது. ஆனால் மூலை ட்ராப்புக்கு மட்டும் துணிக்கு உள்ளே மெல்லிய பொலிதீன் ஒன்றைப் போடலாம். பேஸ் அதை அசைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், மேல் சுரம் திரும்பி அறைக்குள் வரும். பஞ்சு கூடிய அறை சவக்களையாகாமல் இருக்க அது உதவும்.

பஞ்சால் இறங்க முடியாத ஒரு சுரம் மட்டும் தொல்லை தந்தால் வேறு வழி இருக்கிறது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் வரும் இல்லையா, அதே தத்துவத்தில், ஒரே சுரத்துக்கு அதிர்ந்து அதை விழுங்கும் பெட்டி செய்யலாம். இது காற்றோட்டத்தை நம்பாமல் அழுத்தத்தை நம்புவதால் சுவரோடும் மூலையோடும் ஒட்டித்தான் இருக்க வேண்டும், பஞ்சுக்கு நேர்மாறு. பலகைப் பெட்டிக்குக் கணக்கு இது: ஒரு சதுர மீற்றர் பலகையின் நிறையைக் கிலோவிலும், உள் ஆழத்தை மீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 60 ஐ அதால் பிரிக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் பிளைவூட் சதுர மீற்றருக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆறங்குல ஆழத்தில் காற்றுப் புகாமல் அடைத்தால் 57 பக்கம் வந்து நிற்கும். உள்ளே பலகையைத் தொடாமல் கொஞ்சம் பஞ்சு. ஓரிடத்தில் காற்று ஒழுகினாலும் பெட்டி வேலை செய்யாது. கணக்கும் நிசமும் சில ஹெர்ட்ஸ் விலகும் என்பதால் செய்து, அளந்து, திருத்த வேண்டிவரும். முதல் வேலையாக இதைத் தொடாதீர்கள், மூலைகள் நிரம்பிய பிறகு மிச்சமிருப்பதற்கு இது.

ஒவ்வொரு சுரத்தையும் கூட்டிக் குறைக்கும் ஈகுவலைசரால் எல்லாம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: பொங்கும் சுரத்தைக் குறைக்கலாம், ஓரிடத்துக்கு அது உதவும். பள்ளத்தை நிரப்ப முடியாது. இரண்டு அலை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எவ்வளவு கூட்டினாலும் வெட்டும் அலையும் அதே அளவு கூடும், ஸ்பீக்கர் கோன்தான் பாடுபடும்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவிடும் மைக்கும் இருந்தால் நல்லது, கதிரையில் காது வரும் இடத்தில் மைக்கை வைத்து 20 முதல் 300 ஹெர்ட்ஸ்வரை ஓடவிட்டு, மட்டத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் இழுபடுகிறது என்ற படத்தையும் பாருங்கள். ட்ராப்பின் வேலை மட்டத்தில் தெரிவதைவிட அந்த இழுபாட்டில்தான் அதிகம் தெரியும். மைக் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. போனில் ஒரு சுரம் எழுப்பும் செயலியை எடுத்து ஸ்பீக்கரில் கொடுத்து, 48, 57, 95 என்று உங்கள் அறைக்கு வந்த எண்களைப் போட்டுவிட்டு அறை முழுவதும் மெல்ல நடந்து பாருங்கள். எங்கே பொங்குகிறது, எங்கே மறைகிறது என்று கால் தானாகக் கண்டுபிடிக்கும். ஒரு பனலைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டில் ஒருவரைக் கதிரையில் இருத்தி, மூலை மூலையாகப் பிடித்துக் கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்த வேலையைத் தங்கச்சி செய்தாள். இடப்பக்கப் பின் மூலையில் பிடித்தபோது, "அண்ணா, இப்ப ஆரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு" என்றாள். முதல் பனலை அங்கேதான் அடித்தேன்.

தம்பி தைமாதம் திரும்பவும் வந்தார். பழைய பதிவையே எடுத்து, தொப்பியில் நான் கூட்டியிருந்ததையெல்லாம் பழையபடி இறக்கி, இரண்டு பேரும் இருந்து கேட்டோம். வலந்தலையின் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது, தொப்பி அடித்த இடத்திலேயே நின்றது. எழும்பிக் கதவடி மூலைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு, "இஞ்ச இன்னும் கொஞ்சம் கிடக்கு அண்ணை" என்றார். கிடக்கத்தான் செய்கிறது. அந்தக் கதவின் பின்பக்கத்தில் பிணைச்சல் போட்டு, கதவைச் சாத்தும்போது மூலைக்குக் குறுக்கே வந்து நிற்கும்படி ஒரு பனலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.